அரை ரேக் எஃபெக்ட்ஸ் கருவிகளுக்கு வீட்டிலேயே பிராக்கெட் செய்வது எப்படி

1980களிலும் அதற்கு அடுத்த பத்தாண்டிலும் வெளிவந்த, இசையின் ஒலிக்கு எதிரொலி போன்ற விளைவுகளைச் சேர்க்கும் ரிவெர்ப், டிலே, கோரஸ் கருவிகளில் பல, ஒலிக்கருவிகளை அடுக்கிப் பூட்டும் சட்டமான ரேக்கின் முழு அகலத்தை நிரப்பாத சிறு பெட்டிகளாகவே வந்தன. பாஸ் நிறுவனத்தின் மைக்ரோ ரேக் வரிசை, யமஹாவின் எஃப்எக்ஸ்500, அலெசிஸின் மைக்ரோவெர்ப், டாம் ஷோல்ஸின் நிறுவனம் வெளியிட்ட ராக்மேன் மாட்யூல்கள் ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. கருவிகள் பழைய பொருள் சந்தையில் இன்றும் கைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை ரேக்கில் பூட்டுவதற்கான உலோகக் காதுகள்தான் எங்கோ தொலைந்துபோயிருக்கும். அதனால் பலரும் அவற்றை ஒரு தட்டின் மேல் அடுக்கி, வெல்க்ரோ ஒட்டி, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் போய்வரும் வழியில் அவை நகர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சாண் நீள அலுமினிய ஆங்கிளும் (எல் வடிவப் பட்டை) ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் இந்தக் கவலை தீர்ந்துவிடும்.

தொடங்குவதற்கு முன் ஒரு தவறான அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். பிராக்கெட் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "இது எடையைத் தாங்குமா?" என்பதுதான். 1.3 கிலோ எடையுள்ள ஒரு கருவியின் எடைமையம் முகப்பிலிருந்து 90 மில்லிமீட்டர் பின்னால் இருப்பதாகக் கொண்டால், அது முன்பக்கத்தைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை ஏறத்தாழ 1.15 நியூட்டன் மீட்டர். மேலும் கீழுமாக 31.75 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள ரேக் ஸ்குரூக்கள் அதை எதிர்க்கும்போது மொத்தமாக அவற்றின் மேல் விழும் இழுவிசை 36 நியூட்டன் அளவுதான். நான்கு கிலோவுக்கும் குறைவான எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்குரூவுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. வீட்டில் செய்த பிராக்கெட்டுகள் வீணாவது பெரும்பாலும் வலுக்குறைவால் அல்ல, அரை மில்லிமீட்டர் பிசகால்தான். எனவே இந்த வழிகாட்டியில் அறுப்பதைவிட அளப்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ரேக்கின் அளவுகள்

19 அங்குல ரேக் தொலைபேசி நிலையங்களில் பிறந்தது. இன்று இஐஏ 310, ஐஇசி 60297 ஆகிய தரநிர்ணயங்கள் அதன் அளவுகளை வரையறுக்கின்றன. நமக்கு வேண்டியவை ஐந்து எண்கள் மட்டுமே. முகப்புத் தகட்டின் மொத்த அகலம் 482.6 மில்லிமீட்டர். இடது, வலது துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம் 465.1 மில்லிமீட்டர். ரேக்கின் இரு பக்கமும் செங்குத்தாக நிற்கும் துளையிட்ட பட்டைகளான தண்டவாளங்களுக்கு நடுவே கருவி உள்ளே நுழையும் திறப்பு 450 மில்லிமீட்டர். ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகு யு; ஒரு யு என்பது 44.45 மில்லிமீட்டர். ஆனால் ஒரு யு தகட்டை ஏறத்தாழ 43.6 மில்லிமீட்டருக்குத்தான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் மேலும் கீழும் உள்ள கருவிகளோடு உரசும். ஐந்தாவதாக, ஒரு யுவுக்குள் வரும் மூன்று துளைகளில் மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் இடையே 31.75 மில்லிமீட்டர், நடுத்துளை சரிபாதியில் இருக்கும், நாம் அதைப் பயன்படுத்தப் போவதில்லை.

இந்த எண்களிலிருந்து வேறு சில எண்களைக் கழித்து எடுத்துக்கொள்ளலாம். ரேக் துளையின் மையம் தகட்டின் வெளி ஓரத்திலிருந்து 8.75 மில்லிமீட்டரில் இருக்கும். தகட்டின் மேல், கீழ் ஓரங்களிலிருந்து துளையின் மையம் 5.9 மில்லிமீட்டரில் இருக்கும். தண்டவாளத்தின் மேல் படியும் பகுதி ஒவ்வொரு பக்கமும் 16.3 மில்லிமீட்டர்.

எண்களை எழுதிக்கொண்ட பிறகும் உங்கள் ரேக்கை ஒருமுறை அளந்துவிடுங்கள். ஆசாரியிடம் சொல்லிச் செய்த மரப்பெட்டி ரேக்குகளில் திறப்பு 447 அல்லது 448 மில்லிமீட்டராகச் சுருங்கியிருப்பது அரிதல்ல. மழைக்காலத்தில் பிளைவுட் ஊறினால் இன்னும் சுருங்கும். அப்படிப்பட்ட ரேக்கில் தரநிர்ணயத்தை நம்பிச் செய்த பிராக்கெட் நுழையாது.

கருவியின் அளவுகள்

கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியிலுள்ள ரப்பர் கால்களை முதலில் கழற்றுங்கள். அவற்றோடு அளந்தால் ஒரு யு கருவிகூட இரண்டு யு என்று தோன்றும். பிறகு வெர்னியர் காலிப்பரால் அகலத்தை முன்பக்கம், நடு, பின்பக்கம் என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். பழைய பெட்டிகளின் மேல்மூடி பக்கவாட்டில் சற்றே உப்பியிருக்கும். மூன்றில் பெரிய எண்ணையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பக்கவாட்டில் ஏற்கெனவே உள்ள ஸ்குரூக்கள். இவைதான் நமக்குப் பிடிமானம். கருவியின் பெட்டியில் புதிதாகத் துளையிடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே விழும் ஓர் உலோகத் துகள் போதும், சர்க்யூட் போர்டில் இரண்டு தடங்களை இணைத்துவிடும். இருக்கும் ஸ்குரூவில் ஒன்றைக் கழற்றி அதன் விட்டம், மரையின் வகை, நீளம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானியக் கருவிகளில் பெரும்பாலும் எம்3 அல்லது எம்4 மில்லிமீட்டர் மரை இருக்கும். அமெரிக்கக் கருவிகளில் அங்குல மரை இருக்கலாம். அங்குல மரையில் எம்3 ஸ்குரூவைப் பலவந்தமாகத் திருகினால் இரண்டும் கெடும். சந்தேகம் இருந்தால் கழற்றிய ஸ்குரூவையே கடைக்கு எடுத்துச்சென்று ஒரு நட்டில் ஏற்றிப் பாருங்கள்.

கணக்கு

எடுத்துக்காட்டாக, 218 மில்லிமீட்டர் அகலமும் கால்களைக் கழற்றிய பின் 43 மில்லிமீட்டர் உயரமும் உள்ள இரண்டு அரை ரேக் கருவிகளை அடுத்தடுத்து வைத்து ஒரே யுவில் பூட்டுவதாகக் கொள்வோம். இரண்டின் அகலம் 436. நடுவே அவற்றை இணைக்க 2 மில்லிமீட்டர் தகடு இரண்டு வரும், ஆக 440. மொத்த அகலமான 482.6இலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது 42.6. ஆகவே ஒவ்வொரு காதும் கருவியின் பக்கச் சுவரிலிருந்து வெளியே 21.3 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும்.

இதோடு கணக்கை முடித்துக்கொள்பவர்கள்தான் ரேக் அருகே வந்து திகைத்து நிற்பார்கள். 450 மில்லிமீட்டர் திறப்பை இன்னும் நாம் சோதிக்கவில்லை. காதின் பக்கச்சுவர் 3 மில்லிமீட்டர் ஆங்கிள் என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து 446 மில்லிமீட்டர் திறப்பை அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு எஞ்சுவது 2 மில்லிமீட்டர். உருண்டைத் தலை உள்ள எம்3 ஸ்குரூவின் தலையே அந்த 2 மில்லிமீட்டரைத் தின்றுவிடும். எனவே இங்கே கடைக்காரர்கள் சிஎஸ்கே என்று சொல்லும் தட்டைத் தலை ஸ்குரூவைத்தான் பயன்படுத்த வேண்டும். எம்3 சிஎஸ்கேயின் தலை ஆழம் ஏறத்தாழ 1.65 மில்லிமீட்டர் என்பதால் 2 மில்லிமீட்டர் தகட்டிலேயே முழுதாக அமிழ்ந்துவிடும். எம்4 சிஎஸ்கேயின் தலை 2 மில்லிமீட்டரைத் தாண்டுவதால் அதற்கு 3 மில்லிமீட்டர் தகடு தேவை.

கருவி ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை ஓர் ஓரமாக ஒதுக்கி, ஒரு பக்கம் அதே 21.3 மில்லிமீட்டர் காதையும், மறுபக்கம் 482.6இலிருந்து 218, 21.3 இரண்டையும் கழித்து வரும் 243.3 மில்லிமீட்டர் நீண்ட காதையும் வைக்கலாம். நடுவில் பொருத்தினால் பார்க்க அழகாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டாவது கருவி பின்னால் வந்து சேரும்போது இரண்டு பிராக்கெட்டையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். வராமல் போகாது.

அட்டை மாதிரி

உலோகத்தைத் தொடுவதற்கு முன் நல்ல கனமான அட்டையில் இதே அளவுகளை வரைந்து, வெட்டி, மடித்து, கருவியில் செலோடேப்பால் ஒட்டி, ரேக்கில் நுழைத்துப் பாருங்கள். ரேக் துளைகளும் அட்டைத் துளைகளும் நேருக்கு நேர் வருகின்றனவா, மேலே உள்ள கருவியின் அடிப்பக்கம் தடுக்கிறதா, முன்பக்கக் குமிழ்கள் ரேக்கின் மூடியில் இடிக்கின்றனவா என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கடைசியாகச் சொன்ன குமிழ்ப் பிரச்சினை இருந்தால், காதின் முகப்பைக் கருவியின் முகப்போடு ஒரே தளத்தில் வைக்காமல் 25 அல்லது 30 மில்லிமீட்டர் முன்னால் தள்ளி வையுங்கள். கருவி அந்த அளவுக்கு ரேக்கின் உள்ளே ஒதுங்கும். பயணம் போகும் ரேக்குகளுக்கு இந்த அமைப்பே நல்லது என்பது என் கருத்து. பழைய கருவிகளில் உடைந்த குமிழுக்கு மாற்று தேடுவது பிராக்கெட் செய்வதைவிடக் கடினம்.

பொருள்

குட்டைக் காதுக்குத் தகட்டை மடிக்கவே தேவையில்லை. 2 அங்குலத்துக்கு 1 அங்குலம், 3 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினிய ஆங்கிள் போதும். அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறைகளில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் மூலையில் கிடக்கும். கேட்டால் எடைக்குக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு காதுகளுக்கு 100 மில்லிமீட்டர் துண்டு போதும், ஏனென்றால் ஆங்கிளின் நீளவாக்கில் நாம் வெட்டியெடுப்பது காதின் உயரமான 43.6 மில்லிமீட்டரை மட்டுமே. 2 அங்குலப் பக்கம் கருவியின் சுவரில் படியும். 1 அங்குலப் பக்கத்தை 21.3 மில்லிமீட்டருக்குக் குறைத்தால் அது முகப்பாகிவிடும்.

நீண்ட காதுக்கு அவ்வளவு அகலமான ஆங்கிள் கிடைக்காது. தகட்டைத்தான் மடிக்க வேண்டும். கடையில் வெறுமனே அலுமினியத் தகடு என்று கேட்காமல் 5052 ரகத்தைக் கேளுங்கள். 6061 டி6 ரகம் வலுவானது என்று சொல்லி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். கூர்மையாக மடித்தால் மடிப்பின் வெளிப்புறம் விரிசல் விடும். 2 மில்லிமீட்டர் தகட்டை உள்வளைவு ஆரம் 2 மில்லிமீட்டராக மடிக்கும்போது, வெளியளவுகளின் கூட்டுத்தொகையிலிருந்து ஏறத்தாழ 3.6 மில்லிமீட்டரைக் கழித்தே தகட்டை வெட்ட வேண்டும். முகப்பு 243.3, பக்கச்சுவர் 60 என்றால் வெட்ட வேண்டிய நீளம் 303.3 அல்ல, 299.7. பட்டறைக்குப் பட்டறை அச்சின் ஆரம் மாறும். ஒரு துண்டை மடித்து அளந்துவிட்டு உண்மையான தகட்டைக் கொடுப்பது நல்லது.

வெட்டுதலும் துளையிடுதலும்

அளவுகளை மார்க்கர் பேனாவால் குறிக்காதீர்கள். அந்தக் கோட்டின் தடிமனே ஒரு மில்லிமீட்டர் இருக்கும். தகட்டின் மேல் மார்க்கர் மையைப் பூசிவிட்டு, அதன் மேல் கூரான ஸ்கிரைபரால் மூலைமட்டத்தை வைத்துக் கீறினால் மயிரிழைக் கோடு பளிச்சென்று தெரியும். ஹேக்சாவால் கோட்டுக்கு வெளியே அரை மில்லிமீட்டர் விட்டு அறுத்து, மீதியைத் தட்டை அரத்தால் கோடு வரை ராவுங்கள். வைஸில் இறுக்கும்போது இருபுறமும் மரத்துண்டு வையுங்கள். அலுமினியத்தில் வைஸின் பல்தடம் விழுந்தால் போகாது.

இரண்டு காதுகளையும் தனித்தனியாகக் குறித்துத் துளையிடுவதைவிட, முகப்புப் பக்கங்களை ஒன்றோடொன்று முதுகு சேர்த்து இறுக்கி ஒரே நேரத்தில் துளையிட்டால் இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பமாக அமையும். மையத்தில் சென்டர் பஞ்சால் ஒரு தட்டு, பிறகு 3 மில்லிமீட்டர் டிரில் பிட், அதன் பிறகு 6.5 மில்லிமீட்டர். டிரில் முனையில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் அலுமினியம் பிட்டில் அப்பிக்கொள்ளாது. மண்ணெண்ணெய் கிடைக்காதவர்கள் தெளிப்பு எண்ணெயைப் பயன்படுத்தலாம். துண்டைக் கையால் பிடித்துக்கொண்டு துளையிடாதீர்கள். பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில் தகட்டைக் கவ்விச் சுழற்றும். விரலை அறுக்க அது போதும்.

6.5 மில்லிமீட்டர் துளையை உருண்டை அரத்தால் இரண்டு பக்கமும் கிடைமட்டமாக ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் நீட்டி, 10 மில்லிமீட்டர் நீளத் துளையாக்குங்கள். தொழிற்சாலையில் செய்த கருவிகளின் காதுகளிலும் துளை நீள்வட்டமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் கணக்கில் சேரும் சிறு பிழைகளையெல்லாம் விழுங்கிக்கொள்ளும் இடம் அதுதான். கருவியின் பக்கச்சுவருக்கான எம்3 துளைகளை 3.4 மில்லிமீட்டராக இட்டு, தலை அமிழுமாறு கவுண்டர்சிங்க் பிட்டால் குடையுங்கள். ஸ்குரூவை அவ்வப்போது வைத்துப் பார்த்துக்கொண்டே குடைய வேண்டும், ஒரே மூச்சில் அல்ல.

நடுத் தகடு

இரண்டு கருவிகளையும் ஒன்றாக இணைப்பதுதான் இந்த வேலையில் மூளையைக் கசக்கவைக்கும் இடம். அவை ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும்போது நடுவில் திருப்புளி நுழையாது. அடியில் ஒரு தகடு கொடுத்து இரண்டையும் அதில் பூட்டலாம் என்று தோன்றும். ஆனால் 43 மில்லிமீட்டர் பெட்டியோடு 2 மில்லிமீட்டர் தகடு சேர்ந்தால் 45 ஆகி, ஒரு யுவைத் தாண்டிவிடும்.

நான் கண்ட வழி இது. ஒவ்வொரு கருவியின் உட்பக்கச் சுவரிலும் 40 மில்லிமீட்டர் உயரமுள்ள 2 மில்லிமீட்டர் தகடு ஒன்றைத் தனித்தனியாக, தலை அமிழ்ந்த ஸ்குரூக்களால் பூட்டுங்கள். அந்தத் தகடு கருவியின் பின்பக்கத்தைத் தாண்டி 25 மில்லிமீட்டர் வால்போல நீண்டிருக்கட்டும். இப்போது கருவிகளை அருகருகே வைத்தால் இரண்டு தகடுகளும் முகத்தோடு முகம் ஒட்டும். பின்னால் நீண்ட வால்களில் மேலும் கீழுமாக 25 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு எம்4 போல்ட்டுகளைப் போட்டு இறுக்கிவிடலாம். போல்ட் ஒன்றாக இருந்தால் கருவிகள் அதை அச்சாகக் கொண்டு கத்தரிக்கோல்போலத் திரும்பும். இரண்டாக இருந்தால் அசையாது. முன்பக்கம் பிளந்துகொள்ள இடமில்லை, ஏனென்றால் ரேக் ஸ்குரூக்கள் இரண்டு காதுகளையும் அவற்றின் இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். வால்கள் நீளும் இடத்தில் பின்பக்க ஜாக்குகளோ பவர் சாக்கெட்டோ இல்லையென்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்குரூவின் நீளம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நானே ஒருமுறை சுட்டுக்கொண்டதுதான். பழைய ஸ்குரூ 6 மில்லிமீட்டர், ஆங்கிள் 3 மில்லிமீட்டர். ஆக 9 வேண்டும். உருண்டைத் தலை ஸ்குரூவின் நீளத்தைத் தலைக்குக் கீழிருந்தும் சிஎஸ்கேயின் நீளத்தைத் தலையோடு சேர்த்தும் சொல்வார்கள் என்பதால் இரண்டுக்கும் இந்தக் கூட்டல் பொருந்தும். கடையில் 8ம் 10ம் இருந்தன, 12ம் இருந்தது. கையில் அகப்பட்ட 12ஐப் போட்டேன். கருவி உயிர்பெற்றது, ஆனால் இடது சேனலில் ஒலி இல்லை. ஸ்குரூவின் முனை உள்ளே சர்க்யூட் போர்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. நல்லவேளையாக எதுவும் எரியவில்லை. பெட்டியின் உள்ளே நுழையும் நீளம், பழைய ஸ்குரூ நுழைந்த நீளத்தை மீறக் கூடாது. சரியான நீளம் கிடைக்கவில்லை என்றால் குட்டையானதையே தேர்ந்தெடுங்கள், அல்லது நீளமானதில் ஒரு நட்டை ஏற்றிவிட்டு அறுத்து, நட்டைக் கழற்றும்போது மரை சீராகும்படி செய்யுங்கள்.

நீண்ட காதின் விறைப்பு

243.3 மில்லிமீட்டர் நீளத்துக்கு 2 மில்லிமீட்டர் தகடு முறியாது. ஆனால் குமிழைத் திருப்பும்போதும் பின்னால் ஜாக்கைச் செருகும்போதும் துள்ளும். அதன் முதுகில் மேல் ஓரத்தை ஒட்டி அரை அங்குல ஆங்கிள் ஒன்றைப் படுக்கவைத்து மூன்று ரிவெட்டுகளால் பிணைத்தால் துள்ளல் அடங்கிவிடும். அந்த ஆங்கிள் தகட்டின் வெளி ஓரம் வரை போகக் கூடாது; 20 மில்லிமீட்டருக்கு முன்பே நின்றுவிட வேண்டும், இல்லையென்றால் தண்டவாளத்தில் இடிக்கும்.

வண்ணம் பூசுவது விருப்பத்தைப் பொறுத்தது. பூசுவதானால் 400 எண் எமரி தாளால் தேய்த்து, எட்ச் பிரைமர் அடித்த பிறகே மேட் கறுப்பை அடியுங்கள். அலுமினியத்தில் நேரடியாக அடித்த பெயின்ட் நகத்தால் கீறினாலே உரிந்து வரும்.

பூட்டுதல்

காதுகளைக் கருவியில் முழுவதும் இறுக்காமல் அரைகுறையாக விட்டு, முழுத் தொகுப்பையும் ரேக்கில் நுழையுங்கள். தண்டவாளத் துளைகளில் மாட்டியிருக்கும் நான்கு கேஜ் நட்டுகளிலும் எம்6 ஸ்குரூக்களைக் கையால் ஏற்றுங்கள். கீழ் ஸ்குரூக்களை முதலில் இறுக்குங்கள். எடை கீழே உட்கார்ந்த பிறகு மேல் ஸ்குரூக்கள் தாமாக நேராகும். எல்லாம் தன் இடத்தில் அமைந்த பின் வெளியே எடுத்து, பக்க ஸ்குரூக்களை இறுதியாக இறுக்கி மீண்டும் மாட்டுங்கள். நைலான் வாஷர் போட்டால் முகப்பில் கீறல் விழாது.

வீட்டில் நிலையாக இருக்கும் ரேக்குக்கு முன்பக்கப் பிடி போதும். வேனில் ஏறி இறங்கும் ரேக் என்றால் பின்பக்கத்துக்கும் ஒரு தாங்கல் கொடுங்கள். நிலையாக நிற்கும்போது வெறும் 36 நியூட்டனாக இருந்த விசை ஒவ்வொரு குழியிலும் பலமடங்காகி, மாதக்கணக்கில் மடிப்பை வருத்திக்கொண்டே இருக்கும். பின் தண்டவாளங்களுக்கு இடையே ஓர் ஆங்கிளைக் குறுக்காகப் பூட்டி, அதன் மேல் ரப்பர் பட்டை ஒட்டி, கருவிகளின் பின்பகுதி அதில் மெல்ல அமரும்படி விட்டால் போதும்.

மின்சாரமும் இரைச்சலும்

இந்தச் சிறு கருவிகளில் பெரும்பாலானவை அடாப்டரில் இயங்குபவை. சிலவற்றுக்கு 9 வோல்ட் டிசி, சிலவற்றுக்கு 9 வோல்ட் ஏசி; டிசியிலும் நடுமுனை நெகட்டிவா பாசிட்டிவா என்பது மாறும். ஒரே மாதிரிப் பிளக் என்பதற்காக மாற்றிச் செருகிவிடாமல் இருக்க, ஒவ்வொரு அடாப்டரின் வயரிலும் பிளக் பக்கத்தில் கருவியின் பெயரை எழுதி ஒட்டுங்கள். அடாப்டர்களை ரேக்கின் பின்பகுதியில் ஒரு பக்கமாகக் கேபிள் டையால் கட்டிவையுங்கள். பழைய வகை அடாப்டருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் காந்தப்புலத்தை உமிழும் என்பதால் அதை ஆடியோ கேபிளுக்கும் கருவியின் இன்புட் பக்கத்துக்கும் விலக்கி வைக்க வேண்டும். மின் வயரும் ஆடியோ வயரும் சந்திக்க நேர்ந்தால் குறுக்காகச் சந்திக்கட்டும், இணையாக ஓட வேண்டாம்.

பிராக்கெட் போட்ட பிறகு, முன்பு இல்லாத "ம்ம்" என்ற இரைச்சல் புதிதாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். தனித்தனியாக இருந்த உலோகப் பெட்டிகளை நம் அலுமினியம் தண்டவாளத்தோடு இணைத்துவிட்டதால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் சுற்றி இரைச்சல் தரும் வளையம், உருவாகியிருக்கலாம். ஒரு காதின் ரேக் ஸ்குரூவைத் தளர்த்தி, காதுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாளை நுழைத்து, ஸ்குரூவுக்கு நைலான் புஷ் வாஷர் போட்டுப் பாருங்கள். மறுபக்கக் காதுக்கும் அப்படியே செய்யுங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அதுதான். இந்த உத்தி அடாப்டரில் இயங்கும் கருவிகளுக்கு மட்டுமே. 230 வோல்ட் நேராக உள்ளே போகும் கருவி எதுவானாலும், இரைச்சலை நிறுத்துவதற்காக அதன் எர்த் முனையைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்து. அங்கே ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை ஆடியோ வழியில் போடுவதே முறை.

பூட்டிய ஒரு வாரத்துக்குப் பிறகு எல்லா ஸ்குரூக்களையும் ஒருமுறை திருப்புளியால் தொட்டுப் பாருங்கள். அலுமினியம் அழுத்தத்தில் சற்றே அமர்ந்துகொடுக்கும் உலோகம் என்பதால் கால் சுற்று தளர்ந்திருக்கும். அதை இறுக்கி, ஸ்குரூவின் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை தளர்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.